மிடி கிட்டாருக்கு எந்த சிந்தசைசர் வாங்கலாம்? ஜிஐ-20 கையில இருக்கு, பட்ஜெட் 40 ஆயிரம்

குளச்சல்_ஆறுகம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு குளச்சல். கோயில் பாடகற்குழுவுலயும், கூப்பிட்டா கானமேளையிலயும் கிட்டார் வாசிக்கேன்.

சவுதியில இருந்து வந்த அத்தான் ஒருத்தரு, தான் வச்சிருந்த ரோலண்ட் ஜிகே-3 பிக்கப்பு, ஜிஐ-20 பெட்டி, 13 முள் கேபிள் எல்லாத்தையும் "எனக்கு இனி நேரமில்ல, நீ வச்சுக்கோ"ன்னு தந்துட்டாரு. பிக்கப்பை என் ஸ்ட்ராட் கிட்டார்ல ப்ரிட்ஜை ஒட்டி டேப்பு போட்டு ஒட்டியாச்சு. ஆறு கம்பியையும் தனித்தனியா பிடிக்கு. ஆனா ஜிஐ-20-க்குள்ள சவுண்டுன்னு ஒண்ணும் கிடையாது. வாசிக்கிறதை மிடியா, அதாவது எந்த நோட்டு, எவ்வளவு பலம்னு சொல்லுற டிஜிட்டல் குறிப்பா மாத்தி வெளிய தள்ளும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பை சத்தமாக்க ஒரு சிந்த் (சிந்தசைசர்) வேணும்.

எங்க கீபோர்டு அண்ணனுக்கு பெங்களூருல வேலை கிடைச்சு போயிட்டாரு. இனி பூசையில ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன் எல்லாம் நீதான் பிடிக்கணும்னு சொல்லியாச்சு. அது கடமை. என் ஆசை வேற: வயலின், புல்லாங்குழல் சவுண்டை வச்சு கம்பியை இழுத்து, வழுக்கி, கீர்த்தனைக்கு இடையில நாலு வரி வாசிக்கணும். கீபோர்டுல சுதியை ஏத்தி இறக்குற வீலை வச்சு செஞ்சா அந்தக் குழைவு வரமாட்டேங்குது.

நான் பாத்து வச்சிருக்கிறது: புதுசா யமஹா பி.எஸ்.ஆர். ஐ-500. திருவனந்தபுரத்துல ஒருத்தரு விக்கிற பழைய ரோலண்ட் ஜேவி-1010 மாட்யூல் (கட்டை இல்லாத சிந்த் பெட்டி). கூட்டாளி ஒருத்தன் தரேன்னு சொல்லுற கோர்க் மினிலாக். மினிலாக் சத்தத்தைக் கேட்டதுல இருந்து மனசு அதுலதான் கிடக்கு, சும்மா சொல்லப்படாது. வீட்டுல ஒரு பழைய லேப்டாப்பும் உண்டு, ஐ3, 4 ஜி.பி.

பழகின ஒருத்தரோட கீபோர்டுல மிடி இன் இருந்ததால சொருகிப் பாத்தேன். பேனல்ல வயலின் வச்சிருந்தாலும் கிட்டாருல வாசிக்கிறது எல்லாம் பியானோவாத்தான் கேக்கு. கம்பியை ஒரு முழு டோன் இழுத்தா கீபோர்டுல அரை டோன்கூட ஏறல. அடிக் கம்பியில நோட்டு கொஞ்சம் பிந்தியும் வருது. கடைக்காரருகிட்ட கேட்டா "மிடின்னா எல்லாம் ஒண்ணுதான், எதை வாங்கினாலும் ஓடும்"ங்காரு. அப்படியா?

வடசேரி_ஓவர்டைம்:

கீபோர்டுகாரனா ஒரு கேள்வி. ஸ்ட்ரிங்ஸும் ஆர்கனும் வேணும்னா கீபோர்டு படிச்சா போதாதா தம்பி? கோவிச்சுக்காதே, சும்மா கேட்டேன்.

ஐ-500 வாங்கு. இந்தியன் சவுண்டு உள்ள இருக்கு, சர்வீஸ் பக்கத்துலயே கிடைக்கும், நாளைக்கு மிடி கிட்டாரு மடுத்தாலும் கீபோர்டாவது மிஞ்சும்.

தக்கலை_சால்டரிங்:

தம்பி, கடைக்காரரு சொன்னதை விடு. ஓடும், ஆனா உனக்கு வேணுங்கிற மாதிரி ஓடாது. நான் ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு சர்வீஸ் பண்ணுத ஆளு. மிடி கிட்டாரும் கொஞ்ச காலமா வாசிக்கேன். கொஞ்சம் நீளமா சொல்லுதேன், பைய படி.

சத்தத்தைக் கேட்டு சிந்த் வாங்குறது கீபோர்டுகாரங்க பாடு. கிட்டாருகாரன் முதல்ல பாக்க வேண்டியது சிந்தோட பின்பக்கத்தையும், மேனுவலோட கடைசிப் பக்கத்தையும். அந்தக் கடைசிப் பக்கத்துல மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட்னு ஒரு கட்டம் இருக்கும். வட்டம் போட்டிருந்தா உண்டு, பெருக்கல் குறி போட்டிருந்தா இல்ல. அடியில மோடு 1-ல இருந்து 4 வரைக்கும் எழுதியிருக்கும். மோடு 3-னா ஒரே சேனல்ல (மிடி குறிப்பு போற தடம்) எல்லா நோட்டும். மோடு 4-னா சேனலுக்கு ஒரு நோட்டு. உனக்கு வேண்டியது இந்த நாலாவதுதான், இல்லைன்னா அதுக்கு ஈடா ஒண்ணு.

காரணம் என்னன்னா, மிடியில பிட்ச் பெண்டுங்கிறது, அதாவது சுதியை இழுக்கிற கட்டளை, நோட்டுக்கு உள்ளது இல்ல, சேனலுக்கு உள்ளது. ஆறு கம்பியும் ஒரே சேனல்ல போனா, ரெண்டாவது கம்பியை நீ இழுக்கிறது மத்த அஞ்சையும் சேத்து இழுக்கும். உங்க ஊர்ல கரமடி இழுக்கும்போது ஒருத்தன் மட்டும் தனியா நகர முடியாதுல்லா, அதேபோலத்தான். அதனால முதல் கம்பி சேனல் 1, ரெண்டாவது சேனல் 2, இப்படி ஆறு கம்பிக்கு ஆறு சேனல் வைக்கணும். ஜிஐ-20-ல மோனோ மோடு போட்டா அதுவே இப்படித்தான் அனுப்பும். அப்பம் அந்தப் பக்கம் ஆறு சேனலையும் தனித்தனியா வாங்கி, ஆறுலயும் ஒரே சவுண்டை வாசிக்கத் தெரிஞ்ச சிந்த் வேணும். மல்டி டிம்ப்ரல்னு சொல்லுவாங்க. சார்ட்ல மோடு 4-க்கு பெருக்கல் குறி இருந்தாலும், ஆறு பார்ட்டு (ஒரு சேனலை வாசிக்கிற பகுதி) வச்சு, ஒவ்வொண்ணையும் மோனோவா (ஒரு நேரம் ஒரு நோட்டு) மாத்த முடிஞ்சா காரியம் நடந்துரும்.

நீ சொன்ன கோளாறுல ரெண்டுக்கு இங்கயே பதில் இருக்கு. பியானோவா கேட்டதுக்கு காரணம், அந்த மாதிரி கீபோர்டுல பேனல் சவுண்டு வேற, மிடி வழியா வாறதை வாசிக்கிற பகுதி வேற. வெளிய இருந்து வாற ஒவ்வொரு சேனலுக்கும் புரோகிராம் சேஞ்ச்ங்கிற சவுண்டு மாத்துற கட்டளையை அனுப்பி "நீ வயலின்"னு சொல்லாத வரைக்கும் அது பியானோதான். ஆறு சேனலுக்கும் சொல்லணும், ஒண்ணுக்கு மட்டும் சொன்னா முதல் கம்பி வயலின், மத்ததெல்லாம் பியானோ.

இழுவை ஏறாததுக்கு காரணம் பெண்ட் ரேஞ்சு, அதாவது பெண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம்ங்கிற எண். சிந்துகள்ல பொதுவா மேல 2 செமிடோன், கீழ 2 செமிடோன்தான் வச்சு வரும். ஜிஐ-20 பெட்டியில அது 12-னு வச்சிருந்தா என்ன ஆகும் பாரு. நீ ஒரு முழு டோன், அதாவது 2 செமிடோன் இழுக்க. பெட்டி அதை 12-ல 2 பங்கு, ஆறுல ஒண்ணுன்னு அனுப்பும். சிந்த் தன்னோட 2 செமிடோன்ல ஆறுல ஒண்ணு ஏறும். செமிடோன்ல மூணுல ஒரு பங்கு! நீ கேட்டது அதுதான். தலைகீழா வச்சா இன்னும் கேவலம்: பெட்டியில 2, சிந்துல 12 இருந்தா, முழு டோன் இழுவைக்கு ஒரு ஆக்டேவே தாவிரும். ரெண்டு பக்கமும் ஒரே எண் இருக்கணும், ஆறு பார்ட்டுலயும் இருக்கணும். 12 வச்சுப் பழகு. கம்பியில வழுக்கிப் போறதையும் பெட்டி பெண்டாத்தான் அனுப்பும், அதனால 2 பத்தாது. 24 இன்னும் வசதி, ஆனா பழைய மாட்யூல் பலதுல மேல்நோக்கி 12-க்கு மேல போகாது.

இனி உன் லிஸ்டுக்கு வாறேன்.

மினிலாக்: கொள்ளாம், எனக்கும் பிடிக்கும். நாலு வாய்ஸ், அதாவது ஒரே நேரத்துல நாலு நோட்டு, அனலாக். ஆனா ஒரு நேரத்துல ஒரே சேனல், ஒரே சவுண்டு. உனக்கு ஆறு கம்பி. ஒத்தைக் கம்பி லீடு மட்டும் வாசிக்கிறவனுக்கு சரி. பூசைக்கு ஸ்ட்ரிங்ஸ் கார்டு பிடிக்கிறவனுக்கு சரிப்படாது. மனசை அங்கிருந்து எடுத்துக்கோ.

ஐ-500: வடசேரிக்காரரு சொன்னதுல தப்பில்ல, கீபோர்டா பாத்தா நல்ல பெட்டி. ஆனா பின்பக்கம் திருப்பிப் பாரு. 5 முள் மிடி சாக்கெட்டு கிடையாது, மிடிக்கு யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்னு ஒண்ணு மட்டும்தான். அந்த ஓட்டை கம்ப்யூட்டரை எதிர்பாத்து இருக்கிறது. ஜிஐ-20-ல உள்ள யூ.எஸ்.பி.யும் அதே ஜாதி. ரெண்டையும் கேபிள் போட்டு நேரா இணைச்சா ஒண்ணும் நடக்காது, ரெண்டுமே "எனக்கு கம்ப்யூட்டர் எங்க"ன்னு காத்துக்கிடக்கும். நடுவுல லேப்டாப்பு வைக்கணும், இல்லைன்னா கென்டன் மாதிரி யூ.எஸ்.பி. ஹோஸ்ட் பெட்டி ஒண்ணு வாங்கணும். இது தெரியாம கீபோர்டை வாங்கிட்டு என் கடைக்கு "சாக்கெட்டு போச்சு, பாருங்க"ன்னு தூக்கிட்டு வந்தவங்க உண்டு.

ஜேவி-1010: என் ஓட்டு இதுக்குத்தான். 1999-ல வந்த அரை ரேக்கு மாட்யூல். 64 வாய்ஸ், 16 பார்ட்டு, பின்னால ஒழுங்கான 5 முள் மிடி இன். அதோட ஒரு பேட்ச்ல (ஒரு சவுண்டுல) நாலு டோன், அதாவது நாலு அடுக்கு வரைக்கும் இருக்கும், அடுக்குக்கு ஒரு வாய்ஸ் எடுக்கும். ஆறு கம்பிக்கு நாலு நாலுன்னு வச்சாலும் 24 வாய்ஸ், ஸ்ட்ரிங்ஸ் வால் இழுத்தாலும் மிச்சம் கிடக்கும். குறையும் சொல்லிருதேன். முன்னால இருக்கிற திருகு ரெண்டு மூணை வச்சு உள்ள போய் எடிட் பண்ண முடியாது, முதல் தடவை செட் பண்ண லேப்டாப்பு வேணும். இன்னொண்ணு, தனி பேட்ச்சா கேக்கும்போது இருக்கிற பளபளப்பு ஆறு பார்ட்டா வைக்கும்போது இருக்காது. சவுண்டுக்கு மெருகு குடுக்கிற இன்சர்ட் எஃபெக்ட் ஒண்ணே ஒண்ணுதான், அதை எல்லா பார்ட்டும் பங்கு போடணும். வாங்கின அன்னைக்கு ராத்திரி அது கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வெப்ராளப்படாதே.

ஒரு சின்னக் காரியம்: ஜிஐ-20-ல ஆரம்ப சேனலை 1-லயே விடு. யாராவது மாத்தி 5-னு வச்சிருந்தா ஆறாவது கம்பி சேனல் 10-க்குப் போகும். ஜெனரல் மிடிங்கிற பொதுத் தரத்துல 10-ங்கிறது டிரம்ஸ். நற்கருணை நேரத்துல அடிக் கம்பியைத் தொட்டு கிக் டிரம் விழுந்தா சாமியாரு திரும்பிப் பாப்பாரு.

குளச்சல்_ஆறுகம்பி:

அண்ணே, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. ஒரு பாடு நன்றி. பெண்ட் ரேஞ்சைப் பத்தி சொன்னதும் அந்தக் கீபோர்டுக்காரரு வீட்டுக்கு மறுபடியும் போய்ப் பாத்தேன். ஜிஐ-20-ல 12, கீபோர்டுல 2. நீங்க சொன்னதுதான். கீபோர்டை 12 ஆக்கினதும் இழுவை சுதியில வந்து நின்னுது!

ஆனா அடிக் கம்பி பிந்துறது அப்படியேதான் இருக்கு. அதுவும் செட்டிங்கா? நல்ல சிந்த் வாங்கினா அது போகுமா?

தக்கலை_சால்டரிங்:

போகாது. எத்தனை லட்சத்துக்கு சிந்த் வாங்கினாலும் போகாது, ஏன்னா பிந்துறது சிந்துல இல்ல. கம்பி என்ன நோட்டுன்னு பெட்டி கண்டுபிடிக்க குறைஞ்சது ஒரு முழு அலையாவது ஓடி முடியணும். நடப்புல ஒண்ணுக்கு மேலயே வேணும். அடி ஈ கம்பி திறந்தபடி 82.4 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 12 மில்லி செகண்ட். மேல் ஈ கம்பி 329.6, ஒரு அலைக்கு 3 மில்லி செகண்ட்தான். கணக்கு உனக்கே புரியும்.

அதனால வாசிப்பை மாத்து. பேஸ் லைன் வேணும்னா ஆறாவது கம்பியோட அடியில போய் நிக்காதே. 12-வது ஃப்ரெட்டுக்கு மேல வாசி, சிந்துல அந்தப் பார்ட்டை 12 செமிடோன் கீழ இறக்கு. காதுக்கு அதே நோட்டு, நேரம் பாதி. ஸ்ட்ரிங்ஸ், பேட், ஆர்கன் மாதிரி பைய எழும்புற சவுண்டுல பிந்துறது தெரியாது. பியானோ, வீணை மாதிரி சட்டுனு அடிக்கிற சவுண்டு வச்சா உடனே காட்டிக் கொடுத்துரும். பியானோ வச்சுத்தான் ஆகணும்னா ஜிஐ-20-ல பெண்டை நிறுத்தி, நோட்டை செமிடோன் செமிடோனா மட்டும் அனுப்புற மாதிரி வை. இல்லைன்னா விரல் லேசா நடுங்கினாலும் பியானோ சுதி தப்பின மாதிரி கேக்கும்.

பிக்கப்பு உசரம் பாத்தியா? கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடிச்சா கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில 1 மில்லிமீட்டர் இருக்கணும், ஆறு கம்பிக்கும். பிறகு பெட்டியில சென்சிட்டிவிட்டி கம்பிக்கு கம்பி தனியா வைக்கணும். நீ எவ்வளவு பலமா அடிப்பியோ அவ்வளவு பலமா அடிச்சு வை, பூ மாதிரி தடவிக்கிட்டு வைக்காதே. வலது உள்ளங்கை கம்பியில உரசினா அதையும் நோட்டுன்னு நினைச்சு எங்கயோ ஒரு சில்லுச் சத்தம் விடும். இடது கை விடுற கம்பியை வலது கை அடக்கணும். பழகப் பழக உன் சாதா கிட்டார் வாசிப்பும் சுத்தமாகும், அது கூலி.

குழித்துறை_பாசஞ்சர்:

தினம் குழித்துறையில இருந்து ரயிலேறி கழக்கூட்டம் போய் வாறவன், ஐ.டி. வேலை. ராத்திரி வீட்டுல லேப்டாப்பு சிந்த்தான். ஜேவி வேண்டாம்னு சொல்லல, ஆனா லேப்டாப்பை இவ்வளவு லேசா விடப்படாது.

சர்ஜ் எக்ஸ்.டி., வைட்டல்னு ரெண்டு சாஃப்ட்வேர் சிந்த் இருக்கு, இறக்கிப் பாருங்க. சர்ஜ் முழுக்க இலவசம், வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு. ரெண்டுமே எம்.பி.இ. வாங்கும். எம்.பி.இ.ன்னா தக்கலை அண்ணன் சொன்ன அதே சங்கதிதான், நோட்டுக்கு ஒரு சேனல்; 2018-ல மிடி தரமா ஏத்துக்கிட்டாங்க. ஆறு பார்ட்டு வச்சு ஆறு தடவை சவுண்டு மாத்துற பாடே இல்ல, ஒரு சவுண்டை மாத்தினா ஆறு கம்பியும் மாறும். ரெண்டு இடத்துல மட்டும் கவனம். எம்.பி.இ.யில சேனல் 1 எல்லாத்துக்கும் பொதுவான மாஸ்டர், அதனால கிட்டாரை சேனல் 2-ல இருந்து ஆரம்பிக்கணும். பெண்ட் ரேஞ்சு அதுல 48-ன்னு வச்சு வரும், அதை உங்க பெட்டியோட எண்ணுக்கு இறக்கணும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளிய வைக்கிற சவுண்டு கார்டு) கட்டாயம் வேணும். லேப்டாப்போட சொந்த ஹெட்ஃபோன் ஓட்டையை நம்பினா, கம்பியில ஏற்கெனவே உள்ள தாமதத்தோட இதுவும் சேந்து வாசிக்கவே முடியாது. ஏ.எஸ்.ஐ.ஓ.ங்கிற தாமதம் குறைக்கிற டிரைவர் போட்டு 128 சாம்பிள் பஃபர் (சத்தத்தைச் சேத்து வைக்கிற இடம்) வச்சா, 44.1 கிலோ ஹெர்ட்ஸ்ல அது 3 மில்லி செகண்டுக்குள்ள. ஐ3 வைட்டலுக்கு திணறலாம், சர்ஜுக்கு தாங்கும்.

வடசேரி_ஓவர்டைம்:

திருவிழா மேடையில ஜெனரேட்டர் மாத்துற நேரம் லேப்டாப்பு ரீஸ்டார்ட் ஆனதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பாட்டு நிக்கும், சனம் நிக்காது. எனக்கு மேடைக்கு பெட்டிதான் வேணும்.

அது கிடக்கட்டும், பழைய ரோலண்ட் ஜிஆர்-55 கிட்டார் சிந்த் கிடைச்சா? 13 முள்ளை நேரா சொருகலாம்லா?

தக்கலை_சால்டரிங்:

கிடைச்சா அதுதான் ராஜா. 2011-ல வந்தது, சவுண்டும் உள்ளயே, இந்த சேனல் தலைவலியே இல்ல. ஆனா இப்பம் தயாரிப்பு நின்னாச்சு, பழசுக்கும் தம்பியோட பட்ஜெட் பத்தாதுன்னுதான் நான் வாய் திறக்கல. 2023-ல பாஸ் கம்பெனி விட்ட ஜிஎம்-800-ஐ யாராவது காட்டினா, அது புது ஜிகே-5 வகை கேபிள். உன் ஜிகே-3-க்கு நடுவுல கன்வெர்ட்டர் ஒண்ணு வேற வாங்கணும்.

லேப்டாப்பு விஷயத்துல குழித்துறைக்காரரு சொன்னது அத்தனையும் சரி. வீட்டுல பழக அதைவிட நல்ல வழி இல்ல. கோயிலுக்கு நான் மாட்யூல்னுதான் சொல்லுவேன். ஸ்விட்ச் போட்டா ஓடணும், கரண்டு போய் வந்தா மறுபடியும் அதே சவுண்டுல நிக்கணும். எப்படியும் ஜேவியை செட் பண்ண லேப்டாப்பு உனக்கு வேணும், அதனால ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. ஜிஐ-20-ஓட பழைய யூ.எஸ்.பி. டிரைவரோட மல்லுக்கட்டாதே. ஓரளவு தரமான 5 முள் யூ.எஸ்.பி. மிடி இன்டர்ஃபேஸ் ஒண்ணு வாங்கு, ரெண்டுக்கும் ஆகும்.

பின்னே, குளச்சல் காத்து. உப்பு ஏறின கம்பியில ட்ராக்கிங் (பெட்டி நோட்டைக் கண்டுபிடிக்கிறது) தப்பும், நீ செட்டிங்கை குறை சொல்லிக்கிட்டு இருப்ப. வாசிச்சு முடிச்சதும் துணி வச்சு துடை, மங்கினா கம்பியை மாத்து. நைலான் கம்பி மட்டும் போட்ராதே, ஜிகே-3 காந்தப் பிக்கப்பு, அதுக்கு இரும்புதான் தெரியும். 13 முள் கேபிளை கிட்டார்லயே சொருகி விட்டு வைக்காம கழத்தி பையில வை. பிக்கப்புக்கு கரண்டு போறதும் அந்த முள்ளு வழியாத்தான், ஒரு முள்ளுல பாசி பிடிச்சாலும் ஒரு கம்பி செத்த மாதிரி இருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடிச்சாலே பாதி கேசு சரியாயிரும்.

குளச்சல்_ஆறுகம்பி:

சரிண்ணே, ஜேவிதான். மினிலாக் கூட்டாளிகிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு, அவனுக்கு கொஞ்சம் முகம் சுருங்கிட்டு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு திருவனந்தபுரம் போறேன். அங்க போய் என்னத்தையெல்லாம் பாக்கணும்?

தக்கலை_சால்டரிங்:

கிட்டார், ஜிஐ-20, 5 முள் கேபிள், ஹெட்ஃபோன் எல்லாம் கூட எடுத்துட்டுப் போ. மிடி கேபிளை ஜிஐ-20-ஓட அவுட்ல இருந்து ஜேவியோட இன்னுக்குப் போடு. ஜெனரல் மிடி மோடுல வச்சு ஒவ்வொரு கம்பியா வாசி, ஆறும் பேசணும். அங்க எல்லாம் பியானோவாத்தான் கேக்கும், அது கோளாறு இல்ல, உனக்குத்தான் இப்பம் தெரியுமே. வால்யூம் திருகை மெதுவா திருப்பு, கரகரன்னா விலையில கொஞ்சம் குறைக்கச் சொல்லு, அதை நான் சரி பண்ணித் தரலாம். ரெண்டு அவுட்டுலயும் சத்தம் வருதான்னு தனித்தனியா கேளு. அரை மணிக்கூறு ஓடவிட்டு, சூடானபிறகும் ஒரு தடவை பாரு. பழைய மாட்யூல் பலதுல உள்ள மெமரி பேட்டரி தீந்திருக்கும், அது பெரிய செலவில்ல, பயப்படாதே.

குளச்சல்_ஆறுகம்பி:

இப்பம்தான் போன்ல சொல்லுதாரு, ஒரிஜினல் அடாப்டர் இல்லையாம். வேற ஏதோ ஒண்ணு வச்சு ஓட்டலாம்ங்காரு. வாங்கலாமா?

தக்கலை_சால்டரிங்:

"ஏதோ ஒண்ணு" வேண்டாம். மாட்யூலோட பின்னால அடாப்டர் சாக்கெட்டுப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, அவரு வச்சு ஓட்டுற அடாப்டரோட ஸ்டிக்கரையும் சேத்து. ரெண்டையும் எனக்கு இங்க போடு. பாத்துட்டு சொல்லுதேன், அதுக்கு முன்னால அட்வான்ஸ் குடுக்காதே.